இருபதாம் எண் மீட்டர்

2008 மே மாதம், உச்சிவெயில். காலடிப்பேட்டைச் சந்துக்கு எதிரே, மெயின் ரோட்டு டீக்கடையில், ஆன்டெனா முளைத்த கருவியோடு வந்து நின்றான் பாரி.

"இன்னா நைனா, இதுல கிரிக்கெட் ஸ்கோரு கேக்குதா?" என்றார் டீக்கடைக்காரர்.

"கேட்டா உங்கிட்ட சொல்லாமலா பூடுவேன் மாமு?"

சந்துக்குள் இருபது வீடுகளில் மின்வாரியம் சோதனைக்காகப் புது மீட்டர் மாட்டியிருந்தது. நூறு மீட்டர் தள்ளி நின்று ரேடியோவில் கட்டளையிட்டால், அவை கரண்டை நிறுத்த வேண்டும். மறு கட்டளைக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். நிறுத்துமுன் அந்த வீட்டுக் கதவை மூன்று முறை தட்டிச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அதற்கென்றே கருவித் திரையில் 'தட்டிச் சொல்லப்பட்டது' என்றொரு கட்டம். இருபதும் தேறினால் பாரிக்கு வேலை நிரந்தரம். ஒன்று தவறினாலும் வீட்டில் உட்கார்ந்து ஆன்டெனாவால் முதுகு சொறியலாம்.

பத்தொன்பது தேறின. இருபதாவது, சந்தின் கடைசி வீடு. வெளியே பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். பூட்டிடம் போய் என்ன சொல்வது? தட்டாமலே கட்டத்தில் டிக் போட்டு, கரண்டை நிறுத்தினான்.

திரும்பக் கொடுக்க அழுத்தினான்.

'சிக்னல் இல்லை.'

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசைகட்டி நின்றுவிட்டன. அவனுக்கும் சந்துக்கும் நடுவே இரும்புச் சுவர். சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போனால் நூறு மீட்டர் கணக்கு தோற்றுவிடும். பூட்டிய வீட்டுக்கு என்ன அவசரம் என்று ஒரு டீ சொன்னான். அப்புறம் இன்னொன்று.

நாற்பது நிமிடம் கழித்து லாரி நகர்ந்தது. கரண்டு வந்தது. இருபதுக்கு இருபது.

சாயங்காலம் அந்தக் கடைசி வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டு சாபிரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பவுனம்மாக்கா செத்துப் பூட்டாங்கப்பா. ஆக்சிஜன் மிஷின்லதான் உசுரே ஓடிக்கினு இருந்துச்சு. மருமவ வேலைக்குப் போறப்போ வெளிய பூட்டிக்கினு போவும். உள்ளேர்ந்து தட்டுன சத்தம் கேட்டுச்சு. நான் பாவி, லாரி சத்தமுன்னு நென்ச்சிட்டேன்."

"எத்தினி வாட்டி?" என்றான் பாரி மெதுவாக.

"மூணு."

இருபதுக்கு இருபது என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டான். வேலை நிரந்தரமானது.

மறுவாரம் அந்த வீட்டு மீட்டரைக் கழற்றிவரச் சொன்னார்கள். கழற்றி, மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, கருவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"கடைக்குப் போறேன். வெளிய பூட்டிக்கினு போறேன், நீ தூங்கு" என்று கிளம்பினாள் அவன் மனைவி எழில்மொழி.

விசிறிக் காற்றில் கண் செருகியது.

டக். டக். டக்.

"யாரு?"

எங்கிருந்தோ மருந்து வாடை வந்தது.

கருவித் திரை தானாக ஒளிர்ந்தது. எண் 20. கட்டத்தில் டிக் விழுந்தது.

'தட்டிச் சொல்லப்பட்டது.'

விசிறி நின்றது.

கூடவே அவன் மூச்சும் அடைத்தது. தவழ்ந்துபோய்க் கதவைத் தட்டினான்.

மூன்று முறைக்கு மேல் கை எழவில்லை.

எழில்மொழி வந்து பூட்டைத் திறந்தபோது விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாரி கதவடியில் குளிர்ந்து கிடந்தான். திரையில் ஒரே ஒரு வரி: 'நிறுத்தம், நாற்பது நிமிடம். சோதனை தேறியது.'

பக்கத்தில், ஒயரே இல்லாத அந்த மீட்டரின் சிவப்பு விளக்கு, யாரோ நிதானமாக மூச்சு விடுவதுபோல, எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது.