வேல் முனையில் தங்கம்

"அவுங்க அப்படிச் செய்யலீங்க சார்," என்றாள் நிலோஃபர், வெள்ளியங்கிரியிடம்.

அவள் கணவன் தல்ஹா போலீஸ் காவலில் இருந்தான். போத்தனூர் கோட்டிங் பட்டறையில் அவன் பூச்சு போட்டதாகச் சொல்லப்பட்ட, உலோகம் வெட்டும் கட்டர், மதுக்கரை ஆலையில் ஓடும்போதே உடைந்து தெறித்தது. அது நிஜாம் என்ற தொழிலாளியின் கழுத்தைக் கிழித்துவிட்டது. முந்தாநாள் அவனை அடக்கம் செய்தார்கள்.

ஆலை கொடுத்த உடைந்த துண்டோடு, உலோகப் பழுதுகளைத் துப்பறியும் வெள்ளியங்கிரி பட்டறைக்கே கிளம்பினார். நிலோஃபரும் கூட வந்தாள். உதவியாளர் அக்ஷயா கருவிப் பையோடு பின்னால் வந்தாள். பூச்சு போடும் எந்திரம், வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூலையில் நின்றது.

சூப்பர்வைசர் சபரீஷ் பைக் சாவியைச் சுழற்றியபடி வந்தான். சாவிக்கொத்தில் ஊதாக் கறுப்பில் ஒரு குட்டி வேல். முனை மட்டும் பொன்னாய் மின்னியது.

"வேல் அழகா இருக்கே தம்பி!" என்றார் வெள்ளியங்கிரி.

"மருதமலைக் கடையில வாங்குனதுங்க. ஏனுங்க, அந்தக் கட்டர் லாட்டுக்குப் பூச்சு ஓடுனன்னைக்கு நான் மெஷின் பக்கமே வரலைங்க. எல்லாம் தல்ஹாதான் செஞ்சுபோட்டான்."

"பொய்! அன்னைக்கு அவுங்க காய்ச்சல்ல படுத்திருந்தாங்க!" நிலோஃபர் குறுக்கிட்டாள்.

வெள்ளியங்கிரி பையைத் திறந்தார். கட்டர் துண்டின்மேல் எஃகுக் குண்டு ஒன்றை வைரத்தூள் குழம்போடு சுழலவிட்டார். பூச்சு தேய்ந்து, அடுக்குகள் தெரியும்படி சின்னதாய் ஒரு குழி விழுந்தது. அக்ஷயா லென்ஸில் குனிந்தாள்.

"சார்! மேலே மெல்லிசா ஊதாக் கறுப்பு. அடியில முழுக்கத் தங்க நிறம்!"

"டைட்டானியத்தோட அலுமினியம் சேர்ந்த நைட்ரைடு பூச்சுதான் ஊதாக் கறுப்பும்மா. சூடு ஏறினா அந்த அலுமினியம் மேலே ஓடு கட்டிக் காப்பாத்தும். வெறும் டைட்டானியம்னா தங்க நிறம். அந்தச் சூட்டுக்குத் தாங்காம தேய்ஞ்சிரும். அப்புறம் கட்டர் மழுங்கும், உடையும். காசு மிச்சம் பிடிக்க, பூச்சுக்கு ஆவியாக்குற விலை உசந்த அலுமினியக் கலப்புத் தட்டைக் கடைசியில கண்துடைப்புக்கு மட்டும் ஓட்டியிருக்காங்க."

"யாரு சார்?" என்றாள் அக்ஷயா.

"சாவியைக் குடு தம்பி."

சுழன்ற விரல் நின்றது.

"மத்த சாவிங்க உரசி உரசி, வேல் முனையில கறுப்பு தேய்ஞ்சுபோச்சு. அடியில இருந்த தங்கம் வெளியே வந்திருச்சு. கட்டர்ல இருக்கிற அதே ரெண்டு அடுக்கு. மெஷின் பக்கமே வரலைன்ன நீ, ஆசைக்கு இதையும் அதே லாட்டோட மெஷினுக்குள்ளே தொங்க விட்டிருக்கே. எந்தச் சாமி கடையிலயும் இந்தப் பூச்சு விக்க மாட்டாங்க."

சாவி தரையில் விழுந்தது. "உசுரு போகும்னு நெனைக்கலீங்க..."

"மத்த கட்டரெல்லாம் எங்கே?"

"துடியலூர் பட்டறையிலீங்க. இந்நேரம் மெஷின்ல மாட்டியிருப்பாங்க."

அக்ஷயா திகைத்து நிற்க, நிலோஃபர் சபரீஷின் போனைப் பிடுங்கி, அதிலிருந்த துடியலூர் பட்டறை எண்ணைத் தட்டினாள். மறுமுனையில் எந்திரம் அலறியது.

"அண்ணா, மெஷினை நிறுத்துங்க!"

கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"நிறுத்திட்டேனுங்க அம்மணி," என்றது ஒரு குரல். "கட்டர் நெருப்பாக் கொதிக்குதுங்க. தல்ஹா போட்ட கோட்டிங்தானுங்களே இது?"

"இல்லீங்க," என்றாள் நிலோஃபர். "அவுங்க கையே படாதது."