இரண்டு தட்டினால் இறக்கு

இன்ஜின் சூடாக இருந்தது.

ஒல்லி கையை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். அடுப்புச் சூடு இல்லை. காய்ச்சல் கண்டவர் நெற்றியில் புறங்கையை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. காலையில்தான் லாரியிலிருந்து இறக்கினார்கள். அதில் சொட்டு எண்ணெய் இல்லை, பெல்ட் மாட்டவில்லை, பேட்டரி இன்னும் கடையிலிருந்தே வரவில்லை. மழை பிடித்துக்கொண்டு, பட்டறை முழுவதும் ஈரச்சாக்குப் போலக் குளிர்ந்து கிடந்த அந்த மதியத்தில் அது மட்டும் சூடாக இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

அத்தானிடம் சொன்னான். அக்காவைக் கட்டியவர், படகுப் பட்டறை அவருடையது, இவன் அதில் கூட வேலை பார்ப்பவன். அவர் படகின் பின்புறம் தரையில் நின்று, அலைன்மென்ட் பார்க்கும் நீளமான இரும்புத் தண்டுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பயணக் காய்ச்சலா இருக்கும். உள்ள போ மாப்ளே. என் வயித்தோட நான் எறங்கினா, அப்புறம் படகை அறுத்துத்தான் என்னை எடுக்கணும்."

ஒல்லி சிரித்துக்கொண்டே இறங்கினான்.

படகின் பழைய இன்ஜின் இறுகிப் போனதால் வேறொரு படகிலிருந்து கழற்றிய இதை வாங்கியிருந்தார்கள். எந்தப் படகு, ஏன் கழற்றினார்கள் என்று அத்தான் கேட்டதற்கு, விற்றவர் லாரிக்காரர் சாப்பிட்டாரா என்று திருப்பிக் கேட்டாராம். இன்ஜினின் பின்பக்கத்தைப் படகின் பின்சுவரோடு போல்ட் போட்டு முடித்தாயிற்று. முன்பக்கம் மட்டும் இரண்டு மவுண்டுகளின் மேல் நின்றது. மவுண்டின் அடிநட்டைத் திருகினால் முன்பக்கம் ஏறும், இறங்கும். வெளியே இருப்பவர் பின்சுவர்த் துளை வழியாகத் தண்டை இன்ஜினின் வாய்க்குள் விடுவார். நேர்கோட்டில் இருந்தால் இரண்டு விரலால் தள்ளினாலே போய்விடும். இல்லையென்றால் முட்டும், எந்தப் பக்கம் முட்டியது என்பதைக் கிரீஸில் விழுந்த தடம் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து அவர் சொல்ல, உள்ளே இருப்பவன் ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.

மழை வலுத்ததும் தகரக் கூரையின் கீழ் பேச்சு எடுபடாது. காதோரம் கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் இந்த இருவருக்கும் தட்டுதான் பேச்சு. அத்தான் ஸ்பேனரால் பின்சுவரில் ஒரு தடவை தட்டினால் ஏற்று, இரண்டு தட்டினால் இறக்கு. மேலே உத்தரத்திலிருந்து இன்ஜினைப் பிடித்திருக்கும் சங்கிலியைத் தொடுவதற்கு முன் மூன்று தட்டிக் கேட்பார். கை வெளியே வந்துவிட்டது என்றால் இவன் மூன்று தட்டவேண்டும். அந்தப் பதில் வராமல் அவர் ஒருநாளும் சங்கிலியைத் தொட்டதில்லை. காலையிலும் அப்படித்தான் தட்டிக் கேட்டு, பதில் வாங்கி, சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டிருந்தார்.

ஒல்லி இன்ஜினுக்கும் படகின் பக்கச் சுவருக்கும் நடுவே வலப்பக்கமாகச் சரிந்து படுத்தான். வலது கை உடம்புக்கு அடியில் போய்விட்டது. கால்கள் வெளியே, பயணிகள் உட்காரும் மெத்தையின் மேல். இடது கை, ஸ்பேனரோடு, மவுண்டுக்கும் அடிக்கட்டைக்கும் இடையே நுழைந்தது. நட்டைப் பார்க்க முடியாது, தடவித்தான் திருகவேண்டும். அவனுக்கு எல்லா வேலையும் இடது கைதான். அது இப்போது மூன்று ஆள் கனத்துக்கும் மேலான இரும்பின் அடியில் இருந்தது.

தடவும்போது மவுண்டின் அடிப்புறத்தில் கீறல்கள் தட்டுப்பட்டன. பெயிண்டை உரித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, நாலு நாலாக. ஸ்பேனர் வழுக்கிய தடம் இவ்வளவு வரிசையாக விழாது என்று மனம் சொன்னது. தனக்குத் தெரிந்த வேறு எதை வைத்தும் அப்படிக் கீற முடியாது என்று அதே மனம் அவசரமாக வாயை மூடிக்கொண்டது.

ஒரு தட்டு. ஏற்றினான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. இறக்கினான். தரையோடு கிடந்த தலைக்கு நேரே, இன்ஜினின் அடி வழியாக, படகுக்குள் தேங்கும் தண்ணீரை வடிக்கிற துளை தெரிந்தது. அடைப்பானைக் கழற்றியிருந்ததால் அதில் ரூபாய்க் காசு அளவுக்கு வெளிச்சமும், வெளிச்சத்துக்குள் அத்தானின் ரப்பர் பூட்ஸும். பழைய டீசல், ஈர நார், துருவின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது: நாள்கணக்காகக் காயத்தில் கட்டிவைத்த கட்டைப் பிரித்தால் வருமே, வியர்த்து வெளுத்த தோலின் வாசனை.

இரண்டு தட்டு. இறக்கினான். மறுபடி இரண்டு. மறுபடி இறக்கினான். இவ்வளவு இறங்குமா என்று யோசித்தான். தடத்தைப் பார்ப்பவர் அவர், நமக்கென்ன என்று திருகினான். மேலே சங்கிலி விறைத்து ஒரு முனகல் முனகியது. இத்தோடு சங்கிலி தாங்கிக்கொண்டது. இனி நட்டில் கனம் இல்லை. கையை எடுக்கலாம் என்று இழுத்தான்.

வரவில்லை.

வலிக்கவில்லை. அளவெடுத்துப் போட்ட வளையல் மாதிரி மவுண்ட் மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. சங்கிலியை இழுத்துத் தூக்குங்கள் என்று கத்தினான். மழை அதைத் தின்றது. துளை வழியாகப் பார்த்தான்.

பூட்ஸ் இல்லை.

கழுத்தைத் திருப்பி, துளை வழியாகவே சாய்வாகப் பார்த்தான். தூரத்தில் பட்டறை வாசல். அங்கே ரப்பர் பூட்ஸ். அதற்கு எதிரே அக்காவின் நீலச் செருப்பு, நனையாமல் தூக்கிப் பிடித்த புடவை ஓரம். அவள் எதையோ நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பூட்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து சாவகாசமாக நின்றது. வந்து வெகுநேரம் ஆன நிற்பு.

இரண்டு தட்டு.

பின்சுவரிலிருந்து வரவில்லை. இன்ஜினில் ஒட்டியிருந்த அவன் கன்னத்துக்கு வந்தது. இரும்புக்குள்ளிருந்து. நிதானமாக.

மறுபடி இரண்டு.

ஒல்லி கால்களை உதைத்தான். மெத்தை வாங்கிக்கொண்டது. வலது கையை உருவப் பார்த்தான். உடம்பைப் புரட்டாமல் வராது, இடது கை வராமல் உடம்பு புரளாது. அத்தான் என்று கத்தினான். அக்கா என்று கத்தினான். சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கத்திய அதே குரல். நீலச் செருப்பு திரும்பி மழைக்குள் போயிற்று.

பூட்ஸ் திரும்பி வந்தது. துளைக்கு எதிரே நின்றது. இரும்பில் ஒரு மெல்லிய அதிர்வு. அத்தான் தண்டை விடுகிறார். முட்டவில்லை. தயங்கவில்லை. வெண்ணெயில் இறங்குவது போல ஒரே சீராக, கடைசிவரை. வெளியே பூட்ஸ் மகிழ்ச்சியில் ஒரு சின்னத் தாளம் போட்டது.

இனி சங்கிலியைக் கழற்றுவதுதான் பாக்கி.

மூன்று தட்டு. இது பின்சுவரில். ஸ்பேனரின் கூர்மையான, அத்தானுடைய தட்டு.

ஒல்லி மூச்சை அடக்கினான். பதில் சொல்லாதே. சொல்லாமல் இருந்தால் போதும். பதில் வராவிட்டால் அவர் தொடமாட்டார். ஏறி வந்து எட்டிப் பார்ப்பார். திட்டுவார். நட்டை ஏற்றுவார். ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார். சும்மா கிட. அசையாமல் கிட.

மீண்டும் மூன்று. பூட்ஸ் காத்திருந்தது. பிறகு ஒரு எட்டு வைத்தது, ஏணிப் பக்கமாக. வருகிறார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

அப்போது மவுண்டின் அடியில் சூடு நகர்ந்தது.

முதலில் சுண்டுவிரலின் மேல். அப்புறம் அடுத்த விரல். ஒவ்வொன்றாக, பொறுமையாக, முதல் எழுத்து எழுதவைக்கக் குழந்தையின் கையைப் பிடிப்பது போல, அவன் கையின் மேல் இன்னொரு கை மூடியது. காய்ச்சல் சூடு. நகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுப்பு.

ஸ்பேனரை விடப் பார்த்தான். விரல் பிரியவில்லை.

சிக்கிய மணிக்கட்டுக்கு அப்பால் அவன் கை மேலே எழுந்தது. ஸ்பேனரோடு கட்டையில் இறங்கியது.

ஒன்று.

ஏணிப் பக்கம் போன பூட்ஸ் நின்றது.

வேண்டாம் என்றான். யாரிடம் என்று தெரியாமல்.

இரண்டு.

கை மறுபடி எழுந்தது. தன் பலம் முழுவதையும் கூட்டிக் கீழே அழுத்தினான். அவன் அழுத்தியதையே சேர்த்துக்கொண்டு அது ஓங்கி இறங்கியது.

மூன்று.

பூட்ஸ் சங்கிலிப் பக்கம் திரும்பியது. அந்த விரல்கள் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.