எடையில்லாத மேடை

"ஐயோ... கிராணி செத்துட்டாரு!"

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மோகனா போட்ட அலறலில் மலேசியாவின் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமே கதிகலங்கியது.

சுற்றுலாப் பயணிகள் நின்று படம் பிடிக்கக் கட்டிய புது இரும்பு மேடை, அப்படியே சரிந்து செடிகள் மேல் கிடந்தது. அடியில் கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சிங்காரம்!

பிணம் கண்ணைத் திறந்தது.

"சாகல லா! காலுதான் போச்சு... தூக்குங்கடா!"

ஓடினார்கள். தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியது. அது போன கையோடு இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரன் வந்து சேர்ந்தார்.

தோட்ட ஆபீஸில், மேடையைக் கட்டிய காண்ட்ராக்டர் சுகுமாரன் கையை நீட்டினார்.

"இந்தப் பொண்ணு போட்ட டிசைன்தான் சார் காரணம்! படத்துல உள்ளபடிதான் நான் கட்டினேன்!"

அந்தப் பெண், இன்ஜினியர் சசிரேகா. வேலை போகும். ஜெயிலும் உண்டு.

"லேப்டாப்பத் திறம்மா."

திறந்தாள்... திக்கென்றது!

"தூண்கள் தாங்குற மொத்த எடை மூணு டன்னுதான் காட்டுது சார்! அது மேல நிக்கிற நாப்பது பேரோட எடை மட்டும்தான். மேடையோட சொந்த எடை... பூஜ்யம்!"

"பாத்தீங்களா! மறந்துட்டாங்க!" சுகுமாரன் துள்ளினார்.

"சபார் லா, பொறுங்க சுகுமாரன்," என்று அடக்கினார் இன்ஸ்பெக்டர். "இந்த ஃபைல நீங்க முன்னாடியே பாத்தீங்களா?"

"நானா? லேப்டாப்பத் திறக்கவே தெரியாது சார். நான் வெல்டிங் ஆளு!"

சசிரேகா மறுபடி பார்த்தாள். கிராவிட்டி, அதாவது புவிஈர்ப்பு, டிக் போட்டபடி சரியாகத்தான் இருந்தது. ஆனால் டென்சிட்டி, அதாவது இரும்பின் அடர்த்தி, இருக்க வேண்டிய கட்டத்தில் சுழி! அடர்த்தி இல்லாத இரும்புக்கு ஏது எடை?

ஃபைல் கடைசியாக மாறிய நேரம்... இன்று காலை பத்து இருபது. எல்லாரும் கிராணியைத் தூக்க ஓடிய நேரம். அவளும்தான் ஓடினாள், லேப்டாப்பை இங்கேயே விட்டுவிட்டு!

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

"யாரோ கிராவிட்டிய ஆஃப் பண்ணிட்டாங்க சார். டிக் எடுத்துட்டாங்க!"

"பொய் சார்! கிராவிட்டி டிக் அப்படியேதான் இருக்கு! டென்சிட்டிய மட்டுந்தான் நான்..."

சுகுமாரன் வாயைப் பொத்திக்கொண்டார். ரொம்ப லேட்!

"படத்துல எட்டு மில்லிமீட்டர் இரும்பு சார்," என்றாள் சசிரேகா. "கீழ கிடக்கிறத அளந்து பாருங்க."

அளந்தார்கள். மூன்று!

விலங்கு மாட்டியது. சுகுமாரனுக்கு வியர்த்து ஊற்றியது.

"எங்க சார் கொண்டுபோறீங்க?"

"லாக்கப்புக்கு. பயப்படாம வாங்க... நல்லவேளை, அத நீங்க கட்டல!"