பட்டில் போகாத சிவப்பு

1997 சித்திரையில் ஒரு காலை, ஆரணியில் பட்டுக்குச் சாயம் போட்டுவந்த தருமனின் மனைவி கமலம், பாதி காலியான ஒயின் பாட்டிலோடு மணவாளனைத் தேடி வந்தாள். அவர் ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஊரார் சந்தேகங்களைத் தீர்ப்பதே இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. கமலம் அழவில்லை. மளிகைக் கடையில் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள். கொல்லைத் திராட்சையில் போட்ட இந்தச் சிவப்பு ஒயினைப் போன மாதம் அரை டம்ளர் குடித்துவிட்டு, வாந்தி எடுத்து, மறுநாள் தருமன் இறந்துபோனார். அந்தக் கொடியே விஷம் என்று கொழுந்தன் வேடியப்பன் ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டப்போகிறான்.

"பழத்த பிழிஞ்சது நான். என் கையாலதான் செத்தாரா? அத மட்டும் சொல்லுங்க சார்."

கூட இருந்த உதவியாளர் எழிலரசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெசவுக்காரனான வேடியப்பன் கொடி நிற்கும் இடத்தில் விசைத்தறிக் கொட்டகை போடக் கேட்டுக்கொண்டிருந்தானாம். விஷம் வைத்தது அவன்தான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள், அவசரக்குடுக்கை.

கொல்லையில் மணவாளன் ஒரு பழத்தைப் பிட்டுப் பார்த்தார். தோல் கறுப்பு, சதை வெளிர்ப்பச்சை. சதைவரை சிவக்கும் ஜாதி இல்லை. நிறமெல்லாம் தோலில் இருக்கும் பழைய நாட்டுக் கொடி. தோலை எத்தனை நாள் ஊறவிட்டாள் என்று கேட்டார். ஊறவிடவே இல்லையாம். பட்டு புழங்கும் வீட்டில் கறை படுகிற எதையும் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே வடிகட்டி, தோலை ஆட்டுக்குப் போட்டுவிட்டாளாம்.

"அப்போ இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்துச்சு?" என்றார் மணவாளன்.

வெள்ளைப் பட்டிழை ஒன்றை அந்த ஒயினில் கொதிக்கவைத்து, சோப்புத் தண்ணீரில் அலசினார். பழத்தின் நிறமாக இருந்தால் போயிருக்கும். இது போகவில்லை.

சாயப் பட்டறையில் வேடியப்பனையும் கமலத்தையும் உட்காரவைத்து இழையைக் காட்டினார். கலந்திருப்பது துணிச் சாயம், விஷமும் அதில்தான் என்றார். எழிலரசி வேடியப்பனை முறைத்தாள்.

"நெசவுக்காரர் பொடிய அப்படியே கொட்டியிருப்பாரும்மா. பாட்டில் அடியில ஒரு துகள் இல்ல. வெந்நீர்ல கரைச்சு, துணியில வடிகட்டி ஊத்தியிருக்கு. அது சாயக்காரர் கை."

மணவாளன் சுவர் மாடத்திலிருந்து சிவப்பேறிய கொட்டாங்கச்சியையும் வடிதுணியையும் எடுத்து வைத்தார். அந்த மாடத்தில் தருமனைத் தவிர யாரும் கை வைத்ததில்லை.

"அண்ணன் எதுக்கு அத கலக்கணும்?" என்று வேடியப்பன் கேட்டான்.

கமலம் இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன். கறுப்புப் பழத்துல போட்டும் கஞ்சித் தண்ணி மாதிரி கீது, வர்றவங்களுக்கு இத எப்படிக் குடுக்கறதுன்னு. சிரிச்சிகினேதான் சொன்னேன். அப்புறம் செவந்து இருந்ததப் பாத்து, நாள்பட்டுத் தானா செவந்துச்சுன்னு நெனச்சிகினேன்."

"நிறம் வரணும்னு கலந்திருக்கார்; அது விஷம்னு தெரியாமக் குடிச்சிட்டார்" என்றார் மணவாளன். கொடியின் மேல் தப்பில்லையே என்று கமலம் கேட்டாள். இல்லை என்றார் அவர். அவள் எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.