ஆர் படி மட்டும் அழுக்காகவில்லை

அன்று காலை பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரியின் கூடத்தில் இருந்தவர்கள்:

ஆர்லா டெம்ப்சி. டப்ளினில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தவர். கையில் நீலக் கையுறை, காதில் பென்சில்.

டின்னி ரையன். கட்டடத்தின் சாவி இவரிடம்.

நெஸ்ஸா ரையன். டின்னியின் மகள். வயது பதினொன்று.

ஓர் எலும்புக்கூடு. வலது கை இல்லை.

பத்து மணிக்கு மேல் மழையில் நனைந்து வந்து சேர்ந்தவர், மார்ட்டின் ரையன். வயது எண்பத்தொன்று.

மார்ட்டின் மற்ற இரண்டு ரையன்களுக்கும் உறவில்லை. கில்பரா என்ற அந்த ஊரில் அது அதிசயமும் இல்லை.

ஆஸ்பத்திரியை மூடி நாற்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது யாரோ ஒருவர் விடுதி கட்டுவதற்காக அதை வாங்கியிருந்தார். உள்ளே கிடந்த பழைய சாமான்களும் பதிவேடுகளும் அன்று மாலை நான்கு மணிக்கு வேனில் ஏறி டப்ளினுக்குப் போக வேண்டும். நெஸ்ஸா ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை.

எழுதுவது அவள். அடித்துத் திருத்துவது ஆர்லா.

"இது டீ கெண்டி இல்ல, நெஸ்ஸா." ஆர்லா சீட்டை வாங்கினார். காதிலிருந்து பென்சில் இறங்கியது. "ஆவிக் கெண்டி. தொண்டை அடைச்ச பிள்ளைங்களுக்குப் பக்கத்துல வெச்சு ஆவி விடறது. மூக்கு எவ்ளோ நீளம் பாரு."

"இதுல டீ போட்டா வராதா?"

"வரும். ஆனாலும் டீ கெண்டி இல்ல."

"எலும்புக்கூட்டுக்கு 'ஒரு எலும்புக்கூடு'ன்னு எழுதினேன். அது சரிதானே?"

"வலது கை இல்லைன்னு சேர்க்கணும்."

"அது பார்த்தாலே தெரியுமே!"

"தெரிஞ்சாலும் எழுதணும்."

காலையிலிருந்து இருபத்திமூன்று சீட்டுகள். இருபத்திமூன்றிலும் திருத்தம். ஒன்றில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தினார்.

"இவ்ளோ திருத்தறதுக்குப் பேனாவுல எழுதலாமே, பளிச்சுன்னு தெரியும்," என்றாள் நெஸ்ஸா.

"பேனா மை தண்ணி பட்டா ஓடிடும். பென்சில் ஓடாது. எங்க வேலையில பென்சில்தான்."

கதவோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டின்னி சொன்னார்: "டப்ளின்காரங்க கிட்ட வாயைக் கொடுக்காத பொண்ணே. அவங்க மழையைக்கூட நம்பர் போட்டு எண்ணுவாங்க."

அப்போதுதான் மார்ட்டின் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆவிக் கெண்டியில் பார்வை நின்றது.

"இது இன்னும் இருக்கா? ராத்திரி பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போடும். தூங்கவே விடாது," என்றார்.

"நீங்க இங்க இருந்தீங்களா?" என்று கேட்டாள் நெஸ்ஸா.

"ஆறு வாரம். ஆறு வயசுல. எங்க ரெண்டு பேருக்கும் தொண்டை அடைப்பான். எனக்கும் எங்க அக்கா பிரைடிக்கும். அவளுக்கு ஒம்போது." தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் வெளிய வந்தேன். அவ வரல."

டின்னி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தொத்திக்கும்னு அப்பா அம்மாவை உள்ள விடல. பின்னாடி வயல்லயே புதைச்சிட்டாங்க. அங்க இரும்புக் கம்பி நட்டிருக்கு. கம்பில பேர் கிடையாது, வெறும் நம்பர். எது பிரைடின்னு எங்க யாருக்கும் தெரியாது."

"அது பதிவேட்டு நம்பர்தான். ஆஸ்பத்திரில சேர்த்தப்போ போட்டது," என்றார் டின்னி. "எங்கப்பா அந்த வயல்ல புல்லு வெட்டினவர். எனக்குத் தெரியும்."

மார்ட்டின் ஆர்லாவைப் பார்த்தார். "மூணு கடிதம் போட்டேன்மா. பிரைடி ரையன்னு. அப்படி ஒரு ஆளே இல்லன்னு மூணு பதில் வந்துச்சு."

ஆர்லாவின் காது சிவந்தது. "நான்தான் எழுதினேன். நிஜமாவே இல்ல. ரெண்டு தடவை இங்க வந்து இந்தப் புத்தகத்துல தேடினேன்."

"அப்ப மூணாவது கடிதத்துக்கு?"

"மூணாவதுக்குத் தேடல."

"சரி. இப்ப புத்தகம் இங்கதானே இருக்கு? நானே பார்க்கட்டுமா?"

"முடியாதுங்க. நோயாளிங்க பதிவேடு நூறு வருஷம் மூடியிருக்கணும். இது இன்னும் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் திறப்போம்."

மார்ட்டின் விரல் விட்டு எண்ணினார். "அப்ப எனக்கு நூத்தியாறு. வர்றேன். பஸ் இருக்குமான்னுதான் தெரியல."

டின்னி சிரித்தார். ஆர்லா சிரிக்கவில்லை. "குடும்பத்துல இருக்கறவங்க விண்ணப்பம் போடலாம். மூணு மாசம் ஆகும். ஆனா அதுக்கு முதல்ல பேர் புத்தகத்துல இருக்கணும். இல்லாத பேருக்கு விண்ணப்பம் கிடையாது."

"திங்கக்கிழமை அந்தக் கம்பியெல்லாம் பிடுங்கறாங்கம்மா. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல்லு நடப்போறாங்களாம். அப்புறம் நம்பர் கிடைச்சா நான் அதை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அன்று வெள்ளிக்கிழமை.

நெஸ்ஸா ஒரு சீட்டை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அடுத்தவங்களைப் பத்தித்தானே பார்க்கக் கூடாது? அவரைப் பத்தி அவரே பார்க்கலாமா?"

ஆர்லா நிமிர்ந்தார். "அவரவர் பதிவை அவரவர் பார்க்கலாம். யாருன்னு நிரூபிச்சா இப்பவே காட்டலாம்."

"பார்த்து என்ன செய்ய?" என்றார் மார்ட்டின். "நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியுமே."

"பாருங்களேன். சும்மாத்தானே காட்டறாங்க."

மார்ட்டின் தன் இலவசப் பயண அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஆர்லா அதை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து கனமான ஒரு பதிவேட்டை எடுத்து, யாருக்கும் தெரியாதபடி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பக்கங்களைத் திறந்தார். அங்கே ஆங்கில அகர வரிசையில் பெயர்ப்பட்டியல் இருந்தது.

"ரையன், மார்ட்டின்..." அவர் விரல் மேலும் கீழும் போனது. "இல்ல. ஆர் பக்கத்துல மொத்தமே ஆறு பேர்தான். மன்னிக்கணும்."

"நானும் இல்லையா?" மார்ட்டின் தன் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "அப்ப ஆறு வாரம் யாரு அந்தக் கெண்டிச் சத்தத்தைக் கேட்டது?"

ஆர்லா பதிவேட்டை மூடப் போனார்.

நெஸ்ஸாவுக்குப் புத்தகத்தின் உட்பக்கம் தெரியவில்லை. ஓரம் மட்டும் தெரிந்தது. பட்டியலைத் திறக்க வசதியாக ஓரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சின்னப் படி வெட்டியிருந்தார்கள். பல வருடங்களாக நர்ஸ்களின் விரல் பட்டுப் பட்டு அந்தப் படிகள் கறுத்துப்போயிருந்தன. பி கறுப்பு. சி நல்ல கறுப்பு. எல்லும் கறுப்பு.

ஆர் மட்டும் புதுசாக இருந்தது.

"இருங்க, மூடாதீங்க!" என்றாள். "ஆர் படி ஏன் அழுக்காவே இல்ல?"

"பேர் கம்மி. அதான்."

"கில்பராலயா? எங்க வகுப்புலயே பதினேழு பேர்ல ஒம்போது பேர் ரையன்!"

ஆர்லா கண் சிமிட்டாமல் பார்த்தார். "ஒம்போதா? அப்ப டீச்சர் எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ரையன்னு கூப்பிட்டா ஒம்போது பேர் எழுந்திரிப்போம். அதனால அதைச் சொல்லவே மாட்டாங்க. பட்டப்பேர்தான். நான் நெஸ்ஸா பான். எங்க பக்கத்துல எல்லாருக்கும் முடி வெளுப்பு. அப்புறம் லாக்கன் இருக்கான். பெர் இருக்கா. அவங்களும் ரையன்தான்."

"ஓட்டுப் போடத்தான் நாங்க ரையன்," என்றார் டின்னி. "மத்தபடி அந்தப் பேர் யாருக்கு வேணும்?"

"இங்க வேலை பார்த்த நர்ஸுங்க எந்த ஊரு?" என்று நெஸ்ஸா கேட்டாள்.

"இந்த ஊருதான். எல்லாம் உள்ளூர்ப் பொண்ணுங்க," என்றார் மார்ட்டின்.

ஆர்லா மெதுவாக உட்கார்ந்தார். "உங்க பட்டப்பேர் என்னங்க?"

"கூப்பர். எங்க முப்பாட்டனார் பீப்பாய் செஞ்சவர். எனக்கு ஒரு பீப்பாயும் செய்யத் தெரியாது."

"மூணு கடிதத்துல ஒண்ணுலகூட இதை எழுதலயே!"

"அரசாங்கத்துக்கு எழுதறப்போ பட்டப்பேரையா போடுவாங்க? மரியாதையா இருக்காதே."

ஆர்லா சி படியில் விரல் வைத்துத் திறந்தார். விரல் இறங்கியது. நின்றது. வேறு பக்கத்துக்குப் புரட்டினார். அங்கேயும் விரல் நின்றது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படி வைத்துக்கொள்ளத்தான் அவருக்குப் பயிற்சி.

பிறகு இரண்டு சாம்பல் நிற அட்டைகளை எடுத்தார். மேலே இருந்த வரிகளை ஒன்றால் மூடினார். கீழே இருந்தவற்றை இன்னொன்றால் மூடினார். நடுவில் ஒரே ஒரு வரி தெரிந்தது. புத்தகத்தை மார்ட்டின் பக்கம் திருப்பினார்.

மார்ட்டின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "212. கூப்பர், மார்ட்டின். வயது 6. தொண்டை அடைப்பான். தொப்பி ஒன்று. பூட்ஸ் இல்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்டான்."

கண்ணாடியைக் கழற்றினார். "பூட்ஸ் இருந்துச்சு. எங்க அண்ணனோடது. யாரோ எடுத்துட்டாங்க."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்லயா வந்தீங்க?" என்று கேட்டாள் நெஸ்ஸா.

"ஒரே வண்டில. நாங்க ரெண்டு பேர்தான். வேற யாரும் இல்ல."

"முதல்ல யார் பேரை எழுதினாங்க?"

மார்ட்டின் கூடத்தின் வாசலைப் பார்த்தார்.

"நான் உள்ள வரமாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டேன்," என்றார். "'பாரு, ஒண்ணுமே செய்யல, பேர்தான் கேக்கறாங்க'ன்னு சொல்லிட்டு அவதான் முதல்ல போனா. அவ பின்னாடி நான்."

எல்லோரும் ஆர்லாவைப் பார்த்தார்கள்.

"அவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது," என்றார் ஆர்லா. "ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது. விண்ணப்பம் போட்டா மூணு மாசம். சட்டம் அதுதான். நான் போட்ட சட்டம் இல்ல."

டின்னி ஏதோ முணுமுணுத்தார். அது நல்ல வார்த்தை இல்லை.

நெஸ்ஸா ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நிதானமாக எழுதினாள். எழுதி முடித்ததும் ஆர்லாவுக்கு முன்னால் வைத்தாள்.

'211. பிரைடி ரையன் கூப்பர். வயது 9.'

"இது இருபத்திநாலாவது சீட்டு," என்றாள். "தப்பு இருந்தா திருத்துங்க."

ஆர்லா சீட்டைப் பார்த்தார். மேல் அட்டையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் தூக்கி, உள்ளே பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பென்சில் காதிலிருந்து இறங்கியது. சீட்டுக்கு மேலே நின்றது.



பென்சில் சீட்டைத் தொடவே இல்லை. காதுக்கே திரும்பிப் போனது.

ஆர்லா சீட்டின் மூலையில் துளை போட்டு, வெள்ளை நாடாவைக் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு நெஸ்ஸாவிடம் கொடுத்தார். "கையெழுத்து மட்டும் ரொம்ப மோசம்," என்றார்.

"டீச்சரும் அதைத்தான் சொல்றாங்க."

மார்ட்டின் சீட்டை வாங்கிப் படித்தார். இருபத்திமூன்று சாமான்களில் காலையிலிருந்து எத்தனை திருத்தம் நடந்தது என்று அவருக்குத் தெரியாது. டின்னி அவர் காதில் சொன்னார். மார்ட்டின் தலையை ஆட்டினார். ஆர்லாவிடம் போய்க் கையை நீட்டினார். ஆர்லா கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார்.

"மழையில எழுத்து அழிஞ்சிடுமா?" என்று மார்ட்டின் கேட்டார்.

"அழியாது," என்றாள் நெஸ்ஸா. "அது பென்சில்."

வயலுக்குப் போகும் பின்கதவைக் காட்ட டின்னி அவரை அழைத்துப் போனார். நெஸ்ஸாவும் கூடப் போனாள். கதவு திறந்ததும் ஈரப் புல்லும், வரிசையாகத் துருப்பிடித்த கம்பிகளும் தெரிந்தன.

"நான் வந்து தேடித் தரட்டுமா?" என்றாள் நெஸ்ஸா.

"எண்ணத் தெரியும் குட்டி. வேண்டாம்." அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். சீட்டு கையில் இருந்தது.

"மார்ட்டின்!" டின்னி கூப்பிட்டார். "கதவைத் திறந்து வைக்கவா? திரும்பி இந்த வழியாத்தானே வரணும்?"

"வேண்டாம்பா. வேலிக்கு அந்தப் பக்கம் வழி இருக்கு." மார்ட்டின் திரும்பிப் பார்க்கவில்லை. "பூட்டிக்கோ. உள்ள எனக்கு இனி ஒரு வேலையும் இல்ல."

டின்னி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.