ராகுகாலத்தில் தவறிய நகல்

வெள்ளிக்கிழமை நினைவு நகல் மையத்தில் கணினி முன் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் வரும் பெயர்களை எல்லாம் பன்னிரண்டே காலுக்கு நகர்த்த வேண்டும். விதியில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ராகுகாலத்தில் தன் நினைவை நகலெடுக்கத் திருச்சியில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

"சில்லுக்கு ஏதுக்கா ராகுகாலம்?" என்பான் பக்கத்து இருக்கை ஜெரால்டு.

"சில்லுக்கு இல்லப்பா. அது இருக்கிற தலைக்கு."

காதுக்குப் பின்னால் பதித்த சில்லிலிருந்து வாரம் ஒருமுறை நினைவுப்படி எங்களிடம் வந்து சேரும். தலையில் அடிபட்டு நினைவு போனால் கடைசிப் படியை ஏற்றுவோம். இடையில் போன நாட்கள் போனவைதான்.

அந்த வெள்ளி, பத்தே முக்காலுக்கு இருந்த என் கணவர் மதியழகனையும் சேர்த்தே நகர்த்தினேன். பதினொன்று நாற்பதுக்குப் பாலத்துச் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், நினைவுதான் போனது. அதற்கு முந்தைய வெள்ளியின் படியை நானேதான் ஏற்றினேன்.

தொலைந்த அந்த வாரத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்று நடந்து முடிந்திருந்தது. அவர் ஏங்கிக்கொண்டிருந்த கடலடி நிலைய வேலைக்கு உத்தரவு வந்ததும், அவர் பார்க்குமுன் நான் அழித்துவிட்டேன். ஐந்து வருடம் பிரிந்திருக்க எனக்குத் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளி காலைதான், "சரி விடு தாமர, காபி குடு" என்றார். அழுதுகொண்டே காபி போட்டேன்.

மருத்துவமனையில் கண் விழித்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த வேலைக்கு ஏதாவது வந்துச்சா?"

சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் மன்னித்தவருக்கே தெரியாத மன்னிப்பை நான் மட்டும் வைத்துக்கொள்வது திருட்டுத்தனமாக இருந்தது.

"வந்துச்சுங்க. நாந்தான் அழிச்சேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் திருப்பினார்.

அடுத்த வெள்ளி, ஒரு பெயரைத் தவிர மற்றதை எல்லாம் நகர்த்தினேன். ஜெரால்டு எட்டிப் பார்த்தான்.

"அண்ணன விட்டுட்டீங்கக்கா. ராகுகாலம்."

"இருக்கட்டும்."

அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பத்தே முக்காலுக்கு அந்தக் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்றாவது தடவை அதைச் சொல்ல என்னால் முடியாது.