ஆறு வில்லைகள்

கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியின் கதவைத் திறந்ததும் இனிப்பாக ஒரு வாடை மூக்கில் ஏறியது, நாள்பட்ட திராட்சையைப் பையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. பரிசோதகர் முகம் சுளித்தார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'மேதாவி' என்று பட்டப்பெயர். கிண்டல்தான். மனுஷன் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார்.

மனைவியின் புண்ணில் எடுத்த சீழிலிருந்து கிருமி வளர்த்த தட்டை எடுத்தார். போன மாதம் கத்தி பட்ட விரல். இப்போது முழங்கைவரை வீங்கி, மேல்மாடி வார்டில் கிடக்கிறாள்.

"டாக்டர் மாத்திரைய ஏழு நாள் சாப்பிடச் சொன்னாருங்க" என்று அன்றைக்கே சொன்னாள், பாவம்.

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருஷமா கிருமியோட குப்பை கொட்டுறேன் நான். ரெண்டு நாள் போதும், நிறுத்து."

மறுபடி காய்ச்சல். இவரே வேறு மாத்திரை கொடுத்தார். அதுவும் இரண்டே நாள். நோயாளிகள் இப்படிச் செய்தால் "மண்டையில மூளையே இல்ல" என்று திட்டுகிற அதே வாய்.

தட்டில் ஆறு மருந்து வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும். இங்கே ஒன்றுகூட இல்லை. வில்லைகளின் விளிம்புவரை பச்சை பூத்த சவ்வு ஈரமாக மினுங்கியது.

"வில்லை சொத்தை" என்றார் சுவரைப் பார்த்து. "வாங்கினவனுக்கு அறிவிருந்தாத்தானே!"

வில்லையைச் சோதிக்க, எந்த மருந்துக்கும் சாகிற சாதுக் கிருமியின் தட்டு ஒன்று பக்கத்தில் இருந்தது. நேற்று அதில் ஆறு வட்டங்கள். எண்ணினார்.

ஐந்து.

இரண்டு தட்டிலும் ஒரே கம்பியால்தான் கிருமியைத் தடவியிருந்தார். நடுவில் கம்பியைத் தீயில் காட்டவில்லை, அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்காம். மருந்துக்குச் சாகாத வித்தை ஒரு மரபணுவில் இருக்கிறது, ஒரு கிருமி அதைப் பக்கத்துக் கிருமிக்கே கைமாற்றிவிடும் என்று கொட்டாவி விட்டபடி வகுப்பெடுத்தவரும் இவரேதான்.

ஆனால் இவ்வளவு வேகமாகவா? கண்ணெதிரேயா?

நான்கு.

போன் அடித்தது. வார்டு நர்ஸ். "சார், அக்காவுக்கு நூத்தி நாலு டிகிரி. கூப்பிட்டா கண்ணத் திறக்க மாட்டேங்குறாங்க. எந்த மருந்து கேட்கும்னு டாக்டர் கேக்குறாரு."

மூன்று. இரண்டு.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் என்னால்தான் என்று அழுதிருக்கலாம். மேதாவி ஆயிற்றே!

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

மனைவியின் தட்டில் நாலாவது வில்லை. அதன்மேல் அச்சடித்திருந்த மருந்தின் பெயரைப் போனில் படித்தார். "அதையே போடச் சொல்லுங்க. நல்லா கேட்கும்."

"சரிங்க சார்."

போன் ஓய்ந்தது. வாடை கூடியது. தட்டில் பச்சைச் சவ்வு மெல்ல நிமிர்ந்தது. மற்ற ஐந்தை அது தொடவில்லை. நேராக நாலாவது வில்லைமேல் ஏறி, அவர் சொன்ன பெயரை எழுத்தெழுத்தாக மூடிக்கொண்டு போனது.